ஆணியில் தொங்கிய ரொட்டி

அத்தியாயம் 17

மஸ்தூரா கத்தவில்லை. குல்சனத்துக்கு அதுதான் பயமாக இருந்தது.

"உங்க பையன் தவ்ரோனுக்குக் காய்ச்சல் இன்னும் விடலையா? முப்பத்திரண்டு நாளாச்சே" என்று டவுன் பள்ளி வாத்தியார் ஃபோனில் கேட்டதையும், "எந்தக் காய்ச்சல்?" என்று மஸ்தூரா திருப்பிக் கேட்டதையும் போன வாரம் பார்த்தோம். வாரா வாரம் பள்ளிக்கு ஃபோன் செய்து காய்ச்சல் என்று சொன்னது தன் மருமகள் குல்சனம்தான் என்பதும் அந்த ஒரே ஃபோனில் அவளுக்குத் தெரிந்துபோனது.

அதற்குப் பிறகு மஸ்தூரா ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டாள், படுத்தாள், நன்றாகத் தூங்கியும் விட்டாள்.

விடிந்ததும் குல்சனம் முற்றம் பெருக்கி, தண்ணீர் தெளித்து, ரொட்டிக்கு மாவு பிசைந்து மூடி வைத்துவிட்டு, மாமியார் முன்னால் கை கட்டிக் குனிந்து சலாம் வைத்தாள். "நல்லா இரு மகளே" என்றாள் மஸ்தூரா. தினமும் சொல்கிற அதே குரல். பிறகு தன் பள்ளிக்கு ஃபோன் செய்து லீவு சொன்னாள். முப்பது வருஷமாக ஊர்ப் பள்ளியில் பூகோளம் நடத்துகிறவள். புருஷன் செத்த நாற்பதாம் நாள்கூடப் போய் வகுப்பு எடுத்தவள்.

"தவ்ரோன் எங்க?"

"தம்பி கடைத்தெருவுக்குப் போயிருக்கும்மா."

"எதுக்கு?"

சொல்வதற்குப் பொய் எதுவும் மிச்சம் இல்லை. "சைக்கிள் டியூப் வாங்க."

"பரவாயில்லையே. காலங்காத்தால உன் வாயில இருந்து ஒரு உண்மை வந்திருக்கு" என்றாள் மஸ்தூரா. "புழுவுக்கு இலை போட்டுட்டு வா. பேசலாம்."

ஏப்ரல் பிறந்துவிட்டால் அந்த வீட்டின் நல்ல அறை பட்டுப்புழுவுக்குத்தான். மனிதர்களுக்கு வராந்தா. குல்சனம் தட்டு தட்டாக மல்பெரி இலையைப் பரப்பினாள். பரப்பின இடமெல்லாம் நறநறவென்று சத்தம். ஆயிரக்கணக்கான வாய்கள். இந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் ஒரு மாதத்துக்கு முன்னால் தவ்ரோன் வந்து நின்று, "அண்ணி, நான் ஸ்கூலை விட்டுட்டேன்" என்றான்.

பரீட்சை வரைக்கும்கூடப் பொறுக்க முடியாதாம். பதினெட்டு முடிந்துவிட்டது, பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது, புகாரா சாலையில் கால் உடைந்து ஊர் திரும்பிய போலந்துக்காரர் ஒருவர் விட்டுப்போன சைக்கிளும் கிடைத்துவிட்டது. பாலைவனம் தாண்டி, கஜாக் எல்லை தாண்டி, அக்தாவ் வரைக்கும் மிதிப்பானாம். அங்கே கடல் இருக்கிறதாம். அதைப் பார்த்துவிட்டு, அடுத்த கடலுக்குப் போவானாம். அதற்கப்புறம் அதற்கும் அடுத்தது.

குல்சனம் கேட்டது அக்தாவ் என்ற ஒரு சொல்லை மட்டும்தான்.

அவள் புருஷன் ஸோஹிப் அக்தாவில்தான் கட்டட வேலை செய்கிறான். கல்யாணம் ஆன நாற்பதாவது நாள் போனவன். நாலு வருஷம் ஆகிறது. எட்டு மாதமாக ஃபோனும் இல்லை.

"தம்பி, அங்க போனா அவரைப் பார்ப்பியா?"

"முதல் வேலையே அண்ணனைப் பார்க்கறதுதான் அண்ணி. கடலெல்லாம் அப்புறம்."

அதற்காகத்தான் முப்பத்திரண்டு நாள் பொய் சொன்னாள். சைக்கிளை மல்பெரிக் கொட்டகையில் சாக்கு போட்டு மூடினாள். ஒரு கடிதம் எழுதி, தவ்ரோனின் குளிர்ச்சட்டைக்கு உள்பக்கம் வைத்துத் தைத்தாள். அதில் அதிகம் ஒன்றும் எழுதவில்லை. வாருங்கள், அல்லது என்னைக் கூப்பிடுங்கள். அவ்வளவுதான்.

இலை போட்டு முடித்துவிட்டு வராந்தாவுக்கு வந்தவள் வழக்கம்போலச் சுவரைப் பார்த்தாள். ஆணியில் ரொட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

தூரதேசம் கிளம்புகிறவன் வாயருகில் தாய் புது ரொட்டியை நீட்டுவாள். அவன் ஒரு கடி கடிப்பான். மிச்சம் அவன் திரும்பி வந்து சாப்பிட வேண்டியது. அதுவரைக்கும் ஆணியில் தொங்கும், வேறு யாரும் தொடக்கூடாது. பட்டாளத்துக்குப் போனாலும் சரி, மக்காவுக்குப் போனாலும் சரி, கடிக்காமல் வாசல் தாண்டினவன் இந்த ஊரில் யாரும் இல்லை. ஸோஹிப் கடித்த ரொட்டி அது. வெள்ளிக்கிழமை தோறும் குல்சனம் அதைத் தூசி தட்டுவாள். சில நாள் புருஷன் முகம் சரியாக ஞாபகம் வராது. முன்பல் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சந்து அந்த ரொட்டியில் அப்படியே பதிந்திருக்கும். அதைப் பார்த்துக்கொள்வாள்.

"பார்த்தது போதும். வா" என்றாள் மஸ்தூரா. கையில் இறைச்சிக் கத்தி இருந்தது.

கொட்டகைக்குத்தான் போனாள். நேராகப் போய்ச் சாக்கை இழுத்தாள். இடம் அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"நல்ல வண்டி" என்று ஸீட்டைத் தட்டிப் பார்த்தாள். "டயர் கெட்டியா இருக்கு. அறு."

"அம்மா?"

"நீ ஒளிச்சு வெச்ச சாமான். நீயே அறு."

"அம்மா, இது வேணாம்மா. தம்பி எப்படியும் போகத்தான் போகுது. வண்டி இல்லேன்னா லாரியில ஏறிப் போயிடும்."

"அவன் கதையை விடு. உன் கதையைப் பேசுவோம்" என்றாள் மஸ்தூரா. கத்தியின் பிடியை மருமகள் பக்கம் திருப்பி நீட்டினாள். "பன்னெண்டு மணிக்கு உங்க ஊருக்கு பஸ் இருக்கு. உன் பெட்டியையும் உன்னையும் ஏத்தி அனுப்பறதுக்கு எனக்குப் பத்து நிமிஷம் ஆகாது. திரும்பி வந்த பொண்ணு இருக்கற வீட்டுல, உன் தங்கச்சிங்க ரெண்டு பேரையும் யார் வந்து கேட்பாங்க? அதை மட்டும் யோசிச்சுச் சொல்லு."

குல்சனம் கத்தியை வாங்கினாள். முன் சக்கரத்தில் வைத்து அழுத்தினாள். முதல் தடவை வழுக்கியது. இரண்டாவது தடவை இறங்கியது. காற்று புஸ்ஸென்று அவள் முகத்தில் அடித்தது.

"பின்னாடியும்."

அதற்குள் கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

தவ்ரோன் புது டியூபைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு வந்தான். கொட்டகை வாசலில் நின்றான். முதலில் சக்கரத்தைப் பார்த்தான். பிறகு அண்ணி கையில் இருந்த கத்தியைப் பார்த்தான்.

"நீங்களா?"

குல்சனம் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மஸ்தூரா முந்திக்கொண்டாள். "அவதான். நான் தொடக்கூட இல்ல. இவளை நம்பித்தானேடா உலகம் சுத்தக் கிளம்பின?"

"ஒரு மாசமா ராப்பகலா வேலை பார்த்த வண்டிம்மா இது."

"ஒரு மாசம் படிச்சிருந்தா பாஸாகியிருப்ப."

"பாஸாகி?"

"பாஸாகி மனுஷனா இருந்திருப்ப. கடல் பார்க்கணும்னா அணைக்கட்டுக்குப் போ. ஊர்ல எல்லாரும் அதைக் கடல்னுதானே சொல்றாங்க. தண்ணிதானே, இங்க இருந்தா என்ன, அக்தாவுல இருந்தா என்ன?" மஸ்தூரா வராந்தாவைப் பார்த்து நடந்தாள். இரண்டு பேரும் பின்னால் போனார்கள். "நான் முப்பது வருஷமா மேப்ல விரல் வெச்சு உலகம் பூரா போயிட்டு வரேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுல இருக்கேன்."

"அதான்மா பயமா இருக்கு. நானும் விரல் வெச்சே கிழவனாயிடுவேனோன்னு."

"பள்ளிக்கூடம் முடிக்காதவனுக்கு எங்க போனாலும் மண் சுமக்கற வேலைதான்."

"இதை நீங்க சொல்லலாமா? அண்ணி அவங்க ஊர்ல இருந்து பஸ்ல வந்து உங்க வகுப்புல படிச்ச முதல் மாணவிதானே? பரீட்சைக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது, பெஞ்சுல இருந்து எழுப்பிக் கூட்டிட்டு வந்து ஸோஹிப் அண்ணனுக்குக் கட்டி வெச்சது யாரு?"

குல்சனம் தரையைப் பார்த்தாள். அந்த வீட்டில் யாரும் அதைப் பேசினதில்லை. ஒரு நொடி, தவ்ரோன் தனக்காகத்தான் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

மஸ்தூரா உட்கார்ந்து டீ ஊற்றிக்கொண்டாள். "போ. நான் தடுக்கலை. ஆனா ரொட்டி கிடையாது. தந்தூர் அடுப்பை இன்னைக்குப் பத்தவைக்க மாட்டேன், இவளையும் பத்தவைக்க விடமாட்டேன். கடிக்காம போ. உங்க அண்ணன் கடிச்சுட்டுப் போனான். அதனால அவன் வருவான். உனக்கு இங்க மிச்சம்னு ஒண்ணு இருக்காது."

தவ்ரோன் முகம் வெளுத்துவிட்டது. லாரி, பாலைவனம், எல்லைக் காவல் எதற்கும் அஞ்சாதவன். ஆனால் இந்த ஊரில் பிறந்தவன்தானே.

பிறகு நேராகச் சுவரிடம் போனான். ஆணியிலிருந்து அண்ணனின் ரொட்டியை எடுத்தான்.

"தம்பி," என்றாள் குல்சனம்.

அவன் கடித்தான். நாலு வருஷ ரொட்டி, ஓடு உடைகிற மாதிரி சத்தம் வந்தது. அந்தப் பல் சந்து பதிந்திருந்த இடம் முழுவதும் அவன் வாய்க்குள் போய்விட்டது.

"அவனுக்கு மிச்சம் எதுக்கும்மா?" என்றான் மென்றுகொண்டே. "அவன் வரமாட்டான். அங்க ஒரு பொண்ணோட குடும்பம் நடத்தறான். எனக்குப் போன வருஷமே தெரியும்."

அந்தச் சொல்லை அவன் அம்மாவைப் பார்த்துத்தான் எறிந்தான். போய் விழுந்தது வேறு இடத்தில். எறிந்த பிறகுதான் அவனுக்கே அது உறைத்தது போல, மெல்லுவதை நிறுத்திவிட்டு அண்ணியைப் பார்த்தான்.

"வாயை மூடுடா" என்றாள் மஸ்தூரா.

பொய் சொல்லாதே என்று சொல்லவில்லை. வாயை மூடு என்றுதான் சொன்னாள். குல்சனத்துக்கு அது காதில் விழுந்தது.

"உங்களுக்கும் தெரியுமாம்மா?"

மஸ்தூரா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "இலையுதிர் காலத்துல அங்கிருந்து வந்த ஒருத்தன் சொன்னான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ போயிடுவ. புழுவுக்கு யார் இலை போடறது? ரொட்டி யார் சுடறது?" கோபமே இல்லை. அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் விளக்குகிற குரல். "இவன் வாயை அடக்கியிருந்தான்னா எல்லாம் அது பாட்டுக்கு நடந்துட்டிருக்கும். என் பிள்ளைங்க ரெண்டும் ஓடறதுக்குன்னே பிறந்ததுங்க."

"தம்பி," குல்சனம் அவன் பக்கம் திரும்பினாள். "அந்தக் கடிதத்தை உன் சட்டையில வெச்சுத் தெச்சேனே. அப்பவும் தெரியுமா?"

தவ்ரோன் ரொட்டியைப் பார்த்தான். "நீங்க ஃபோன் பண்ணலேன்னா ஸ்கூல்ல அன்னைக்கே பிடிச்சிருப்பாங்க அண்ணி" என்றான். இன்னும் தாழ்ந்த குரலில், "அண்ணன்தான் சொல்ல வேணாம்னான். குழந்தை கொஞ்சம் வளரட்டும்னான்."

"என்ன குழந்தை?" இது மஸ்தூரா.

அவள் எழுந்தே விட்டாள். அந்தச் செய்தி அவளுக்குத் தெரியாது.

"பையன். ஒன்றரை வயசு."

அறைக்குள் புழுக்கள் தின்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஃபோட்டோ இருக்கா?" என்று கேட்டாள் மஸ்தூரா.

தவ்ரோன் தயங்கினான். அண்ணியைப் பார்த்தான். பிறகு ஃபோனை எடுத்து அம்மாவிடம் கொடுத்தான். மஸ்தூரா கண்ணாடி போட்டுக்கொண்டாள். விரலால் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். முப்பது வருஷ டீச்சர் முகம் கரைந்து, வேறு ஏதோ ஒரு முகம் வெளியே வந்தது.

"நெத்தியைப் பாரு. அப்படியே உங்க அப்பா" என்றாள். யாரிடம் சொல்கிறோம் என்பதுகூட அவளுக்கு அப்போது ஞாபகம் இல்லை. ஃபோனைக் குல்சனத்தின் முகத்துக்கு நேராக நீட்டினாள். "பாரேன் மகளே, காதைப் பாரேன்."

குல்சனம் பார்த்தாள். பையன் வாய் திறந்து சிரித்துக்கொண்டிருந்தான். பின்னால் நீலமாகத் தண்ணீர் தெரிந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மஸ்தூரா கட்டளைமேல் கட்டளை போட்டாள். தவ்ரோன் இன்றைக்கே கிளம்ப வேண்டும். டயருக்கு உள்ளே பழைய ரப்பர் துண்டு வைத்தால் நுகுஸ் டவுன் வரைக்கும் தாங்கும், அங்கே வேறு வாங்கிக்கொள்ளலாம். பள்ளிக்கு அவளே பேசிக்கொள்வாள்.

"கடல் எவ்வளவு நாள் வேணும்னாலும் பாரு. ஆனா வரும்போது என் பேரனோட வா. அந்தப் பொண்ணும் வரேன்னா வரட்டும். வீட்டுல இடம் இருக்கு."

"பரீட்சைம்மா?" என்றான் தவ்ரோன். நக்கலா நிஜமா என்று அவனுக்கே தெரியவில்லை.

"பரீட்சை அடுத்த வருஷமும் வரும்." அவள் மருமகளிடம் திரும்பினாள். "தந்தூரைப் பத்த வை. வழிக்கு எட்டு ரொட்டி, கடிக்கறதுக்கு ஒண்ணு. நல்லா எள்ளு தூவு."

குல்சனம் தந்தூரைப் பற்றவைத்தாள். காலையில் பிசைந்த மாவு பொங்கி நின்றது. உருட்டினாள், தட்டினாள், நடுவில் முத்திரை குத்தினாள், கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தந்தூரின் சூடான உள்சுவரில் அப்பினாள். கைக்குத் தெரிந்த வேலை. மனசு கூடவே இருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை.

மஸ்தூரா வராந்தாவிலிருந்து கூப்பிட்டாள். "மகளே, கல்யாணம் ஆன வருஷம் சின்னதா ஒரு தொப்பி தெச்சியே, பூ வேலை போட்டு. பெட்டியில சும்மாதானே கிடக்கு. அதையும் கொண்டு வா. குழந்தைக்கு அளவு சரியா இருக்கும்."

"சரிம்மா" என்றாள் குல்சனம்.

போகவில்லை. ரொட்டி வேகிறதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கேட் பக்கத்தில் தவ்ரோன் டயரைச் சரிசெய்த சைக்கிளை நிறுத்திப் பையைக் கட்டி முடித்தான். அண்ணி இருந்த திசைக்கு ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. மஸ்தூரா கை கழுவி, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, பிஸ்மில்லா சொல்லி முற்றத்தில் வந்து நின்றாள். குல்சனம் துணியில் வைத்துப் புது ரொட்டியைக் கொண்டுவந்தாள். எள் மணம் முற்றம் முழுவதும் பரவியது. வாங்கிக்கொள்ள மஸ்தூரா இரண்டு கையையும் நீட்டினாள். தவ்ரோன் குனிந்து வாயைத் திறந்தான்.

குல்சனம் கொடுக்கவில்லை. ரொட்டியைத் தூக்கித் தானே கடித்தாள். பெரிய கடி. நாக்கு வெந்தது.

"ஏய், என்ன காரியம் பண்ற? தூரம் போறவங்க கடிக்கற ரொட்டி அது."

"தெரியும் டீச்சர்."

அந்தச் சொல் நாலு வருஷமாக அவள் வாயில் வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலத்துச் சொல். மஸ்தூரா ஒரு நிமிஷம் திகைத்துத்தான் போனாள்.

குல்சனம் மிச்ச ரொட்டியை மாமியாரின் நீட்டிய கையிலேயே வைத்தாள். "இதை ஆணியில மாட்ட வேணாம். சூடா இருக்கும்போதே ரெண்டு பேரும் சாப்பிட்டு முடிச்சுடுங்க. நான் திரும்பி வரமாட்டேன்."

மஸ்தூரா ரொட்டியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சிரித்தாள்.

"போ மகளே. தாராளமா போ. உன் பாஸ்போர்ட் என் பெட்டியில இருக்கு. பெட்டிச் சாவி என் இடுப்புல இருக்கு. உங்க ஊர் பஸ்ஸும் போயாச்சு. தெரு முனை வரைக்கும் போயிட்டு, புழுவுக்குச் சாயங்கால இலை போடற நேரத்துக்கு வந்துடு."

குல்சனம் கேட் பக்கம் நடந்தாள். அங்கே நின்ற சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தாள். பையை அவிழ்த்துத் தவ்ரோன் காலடியில் போட்டாள். அவன் வாயை மூடவே மறந்து நின்றான். தடுக்க வேண்டும் என்று அவன் கைக்குத் தோன்றியது, காலுக்குத் தோன்றவில்லை.

"அண்ணி," என்றான் கடைசியில். அழுதுவிடுவான் போல இருந்தது. "உங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதே."

"தெரியாது" என்றாள் குல்சனம்.

கேட்டைத் திறந்து, வண்டியை உருட்டிக்கொண்டு வெளியே போனாள்.